பைய

கருங்கல் சந்தை முக்கிலிருந்து
மினிடெம்போவில் வந்து இறங்கியது அது.
நாற்பத்து மூன்று அங்குலம்.
அட்டைப்பெட்டியை டெய்சிபாய்
ரப்பர் ஷீட் அடுக்க எடுத்துக்கொண்டாள்.

முதல் வாரம் முழுக்கச் சிரிப்புதான்.
ரிமோட்டை வாயருகே பிடித்து
"மரச்சீனி வச்சு என்ன செய்யலாம்" என்றாள்;
சீனப் பெருஞ்சுவரைக் காட்டியது.
"சத்தத்தப் பைய வையி" என்றாள்;
பைகளாகக் காட்டியது.
பள்ளிக்கூடப் பை, தோள்பை,
சக்கரம் வைத்த பை, பாதி விலைக்கு.

கோயம்புத்தூரிலிருந்து மகள் அபிஷா
ஃபோனில் சொன்னாள்:
"அம்மா, அதுக்கிட்ட நம்ம பேச்சு எடுபடாது.
நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசணும்."

அன்றிலிருந்து டெய்சிபாய்
அதற்கென்று ஒரு தமிழ் வைத்துக்கொண்டாள்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் சேலையைப்போல.
"ஒலியளவைக் குறைக்கவும்."
"அடுத்த அலைவரிசைக்குச் செல்லவும்."
முள்ளெடுத்த மீனைப்போல
ஒவ்வொரு சொல்லாக வைப்பாள்.
அதுவும் உடனே கேட்கும்.

பிறகுதான் அந்த ஆரம்.
நாலரைப் பவுன்.
தம்பி வின்சிலாஸின் சிட்டிக் கடனுக்காக
அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
நான் பாங்கில் கொண்டுபோய் வைத்த ஆரம்.
கல்யாண வீட்டுக்குக் கிளம்பி
அலமாரியைத் திறந்தவள்
சாவியை மேசையில் வைத்தாள்.
அந்தச் சத்தம்தான் கடைசி.

பதினேழு நாள்.
சோறு இருந்தது, மீன்கறி இருந்தது,
மூடி வைத்த தட்டும் இருந்தது.
பேச்சு மட்டும் டிவிக்கு.

மழையால் பால்வெட்டு இல்லை;
பகல் முழுக்க நான் வீட்டில்.
"நாளைய வானிலையைச் சொல்லவும்" என்பாள்.
மாவட்டத்தில் கனமழை என்று
அது பதில் சொல்லும்.
நானும் சொல்லியிருப்பேன்.
என் இடது முட்டு
அதைவிட ஒருநாள் முன்னாலேயே சொல்லும்.

ஒருமுறை அது
"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது.
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது.
அவளும் கோபப்படாமல்
மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

நேற்று ராத்திரி பத்து மணி. மழை விட்டிருந்தது.
அவள் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.
நான் ரிமோட்டை எடுத்து
மைக் பொத்தானை அழுத்தினேன்.
நீல வட்டம் சுற்றிச் சுற்றிக் காத்திருந்தது.
பீடத்தின் முன்னால் மோதிரத்தோடு நின்ற அன்றைக்குப்போல
தொண்டை அடைத்தது.
அவளுடைய அந்த நல்ல தமிழில் சொன்னேன்:
"தப்பு என்னுடையது."

பெரிய எழுத்தில்
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியது திரை:
தப்பு.
மீதியை விட்டுவிட்டது.

அப்புறம் வந்தார்கள் பத்துப் பேர்,
மஞ்சள் தலைப்பாகை, காலில் சலங்கை,
ஏதோ ஊர்க் கொடைவிழாவில்
தப்பு அடித்தார்கள்.
தகரக்கூரை மழைக்காக
சாயங்காலம் கூட்டிவைத்த சத்தம் அப்படியே இருந்தது.
அலமாரியில் கிளாசுகள் ஒன்றையொன்று இடித்தன.
ஜெஸ்டின் சார் வீட்டில் லைட் எரிந்தது,
அவர் நாய் மதில்மேல் ஏறிக் குரைத்தது.
நிறுத்து என்றேன்.
நிப்பாட்டு என்றேன்.
"ஒலியளவை" வரைக்கும் வந்தேன்,
அதற்குமேல் நாக்குக்கு வரவில்லை.
பொத்தானை அழுத்தவே இல்லை என்பது
இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஈரக் கையோடு வந்து நின்றாள்.
திரையை வாசித்தாள்.
மேலே அந்த ஒற்றைச் சொல்.
கீழே பத்துப் பேரும்
எனக்காக வேர்த்து வடிய அடித்துக்கொண்டிருந்தார்கள்.
உதட்டின் ஒரு ஓரம் எங்கோ போய்த்
திரும்பி வந்தது.

"கொஞ்சம் பைய வச்சா என்ன?"

பை எதையும் காட்டவில்லை டிவி.

ஆரம் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது.
நான் பெருவிரலால்
ஒவ்வொன்றாகக் குறைத்தேன்,
முப்பத்தெட்டு,
முப்பத்தேழு,
முப்பத்தாறு.